மும்பைல மரச்சட்ட ஓட்டு வீட்டைக் காப்பாத்துறது எப்படி: மரமும் பேப்பரும்

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டார்ச், ஒரு நோட்டு, மூணையும் எடுத்துக்கிட்டு வீட்டை ஒரு சுத்து வாங்க. இதுல இருந்துதான் எல்லாமே ஆரம்பிக்குது, வக்கீலும் இஞ்சினியரும் அப்புறம்தான்.

நாங்க இருக்கிறது தெற்கு மும்பை கிர்காவ்ல, கீழ ஒண்ணு மேல ஒண்ணுனு ரெண்டு தளம், தேக்குச் சட்டம், நடுவுல செங்கல், மேல மங்களூர் ஓடு. அப்பா திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்து பகடி கொடுத்து வாங்கின இடம், அதாவது ஓனருக்கு மொத்தமா ஒரு தொகை கொடுத்துட்டு குறைஞ்ச வாடகைல வாடகைதாரரா இருக்கிற உரிமை. எங்க வாடியிலயே (சந்தும் வீடுகளும் சேர்ந்த குடியிருப்பைத்தான் இங்க வாடின்னு சொல்லுவாங்க) இந்த மாதிரி வீடு முன்னாடி நிறைய இருந்துச்சு, இப்ப விரல் விட்டு எண்ணிடலாம். மாதுங்கா, சயான்ல இருக்கிற நம்ம ஆளுங்களும் சொந்தக்காரங்களும் அடிக்கடி கேக்குறாங்க, வீடு ஆடுதுன்னு நோட்டீஸ் வந்திருக்கு, பில்டர் கையெழுத்து கேக்குறான், என்ன பண்றதுன்னு, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதை மொத்தமா இங்க எழுதிடுறேன்.

முதல்ல வீடு எப்படி நிக்குதுன்னு புரிஞ்சுக்கணும், ஏன்னா இது புரியாமத்தான் பாதி வீட்டை ஆளுங்களே கெடுக்குறாங்க. மரச்சட்ட வீட்டுல சுவர் பாரம் தாங்காது. பாரம் முழுக்க தூண், உத்தரம், அதுக்கு மேல குறுக்குக் கட்டை, பலகை, அப்புறம் கைமரம், ரீப்பர், ஓடு. தூணுக்குத் தூண் நடுவுல செங்கல் வச்சு சுண்ணாம்புக் காரை பூசி அடைச்சிருப்பாங்க, அது காத்து மழை உள்ள வராம இருக்கத்தான். தூணும் உத்தரமும் சேர்ற இடத்தைப் பாருங்க, ஒரு மரத்துல நாக்கு மாதிரி செதுக்கி இன்னொரு மரத்துல பள்ளம் எடுத்து சொருகி மர ஆணி அடிச்சிருக்கும். இதனாலதான் இந்த வீடு லேசா அசைஞ்சு கொடுக்கும். மும்பைக்கு நிலநடுக்க அபாயம் ஓரளவு இருக்கு, அப்படி ஒரு ஊர்ல கொஞ்சம் அசைஞ்சு கொடுக்கிற வீடு நல்லதுதான், மாடியில நடந்தா பலகை குதிக்குதுங்கிறதுக்காக வீடு விழப்போகுதுன்னு பயந்துடாதீங்க. பயப்பட வேண்டிய அடையாளம் வேற, அதுக்கு வரேன்.

கூரைக்கு ஒரு கதை இருக்கு. கிர்காவ் முழுக்க ஒரு காலத்துல தென்னந்தோப்பு, அந்தத் தோப்புங்கதான் பின்னாடி வாடி வாடியா ஆச்சு, தென்னங்கீத்து வேய்ஞ்ச வீடுங்க இந்த ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 1803 பிப்ரவரில மும்பைக் கோட்டைக்குள்ள பெரிய தீ பிடிச்சு வீடு வீடா எரிஞ்சது, அதுக்கப்புறம் கோட்டைக்கு வெளிய ஊர் வேகமா பரவிச்சு. பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷன் ஆளுங்க 1860-களில் மங்களூர்ல ஓட்டு ஃபேக்டரி போட்ட பிறகு, அந்த ஓடு கடல் வழியா மேற்குக் கரை முழுக்க வந்து இறங்கிச்சு. ஒரு ஓடு ரெண்டு மூணு கிலோ வரும், கீத்து மாதிரி லேசு கிடையாது, அதனால ஓட்டுக்கு கீழ இருக்கிற கைமரம் ஒவ்வொண்ணும் முக்கியம். எங்க ஆச்சி வீடு ஊர்ல பனையோலை வேய்ஞ்சது, சில வருஷத்துக்கு ஒரு தடவை பிரிச்சு மேய்வாங்க, அப்ப மரத்தையும் ஒருதரம் தட்டிப் பாத்துடுவாங்க. ஓடு வந்ததும் அந்தப் பழக்கம் போயிடுச்சு, ஓடுதான் உடையலயேன்னு முப்பது வருஷம் யாரும் மேல ஏறிப் பாக்குறதில்ல.

சரி, ஸ்க்ரூடிரைவர். தூண் கால்ல இருந்து ஆரம்பிங்க. கைப்பிடியால தட்டுங்க, நல்ல தேக்கு டங்குன்னு சத்தம் கொடுக்கும், உள்ள மக்கிப்போன மரம் பொத்துனு கேக்கும். சந்தேகம் வந்த இடத்துல முனையை வச்சு அழுத்துங்க, ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர்ல நின்னா பரவால்ல, விரல் அளவு உள்ள போச்சுன்னா அந்தப் பகுதி போயிடுச்சு. கரையான் மண்கோடு தெரியுதா பாருங்க, ஒரு கோட்டை உடைச்சு விட்டுட்டு மூணு நாள் கழிச்சு வந்து பாருங்க, திரும்பக் கட்டியிருந்தா உள்ள உயிரோட இருக்கு. சின்னச் சின்ன ஓட்டையும் கீழ மாவு மாதிரி பொடியும் இருந்தா அது வண்டு, கரையான் இல்ல, ரெண்டுக்கும் மருந்து வேற வேற. உத்தரம் சுவருக்குள்ள போற முனை, ஓட்டுச் சரிவு முடியிற ஓரம், ரெண்டு கூரை சேர்ற பள்ளம், இந்த மூணு இடத்துலயும் டார்ச் அடிச்சு நிதானமா பாருங்க. எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நம்பர் கொடுத்து போட்டோ எடுங்க, தேதி தெரியிற மாதிரி. இந்த நோட்டு பின்னாடி எவ்வளவு உதவும்னு கீழ சொல்றேன்.

எங்க வீட்டுல முதல்ல மாட்டினது மோரி மூலையில இருந்த தூண்தான். மோரின்னா தெரியும்ல, பாத்திரம் கழுவுற குளிக்கிற மூலை, பழைய வீட்டுல மரத்தளத்துக்கு மேலயே சிமெண்ட் போட்டு எழுப்பியிருப்பாங்க. வெளிய பச்சை ஆயில் பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, அம்மா வருஷா வருஷம் பொங்கலுக்கு அடிக்க வைப்பாங்க. ஸ்க்ரூடிரைவர் வச்சதும் பெயிண்ட் தோல் மாதிரி கிழிஞ்சு உள்ள பிடி வரைக்கும் போயிடுச்சு, வெளிய இழுத்தா ஈரமான பிரவுன் கலர் தூள், நெஞ்சே நின்னுடுச்சு எனக்கு. ஆனா தரையில இருந்து ரெண்டடி மேல போய் தட்டினா மரம் அப்படியே கல்லு மாதிரி. இந்த ரெண்டு அடியைத்தான் எல்லாரும் மனசுல வச்சுக்கணும், தூண் போகல, தூணோட கால் போயிருக்கு, அவ்வளவுதான்.

மரம் தானா மக்குறதில்ல, ஈரம் 20 சதவீதத்துக்கு மேல தொடர்ந்து நின்னாத்தான் பூஞ்சை பிடிக்கும். மும்பைல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது, நனையாம இருக்க முடியாது, நனைஞ்சது காயணும், அதுதான் விஷயம். இந்தக் காய்ற வழியைத்தான் நாம அடைக்கிறோம். சுண்ணாம்புப் பூச்சை கொத்திட்டு சிமெண்ட் பூசுறது, தூணைச் சுத்தி டைல்ஸ் ஒட்டுறது, ஆயில் பெயிண்ட், ஓட்டுக்கு மேல தார் ஷீட், இது எல்லாமே தண்ணியை உள்ள பூட்டி வைக்கிற வேலை. சிமெண்ட் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பும் மணலும் போதும், தெரிஞ்ச மேஸ்திரி கிடைக்கிறது கஷ்டம்தான், தேடுங்க, கிடைப்பாங்க.

பாரம் ரெண்டாவது எதிரி. மாடில பலகை பழசா இருக்குன்னு ஒரு இஞ்ச் கல்லு போடுறாங்க, கல்லே ஒரு சதுர மீட்டருக்கு 65 கிலோ, கீழ ரெண்டு இஞ்ச் கலவை போட்டா அது ஒரு 100 கிலோ, பத்துக்குப் பன்னெண்டு ரூமுக்குக் கணக்கு போடுங்க, 1,800 கிலோவுக்கு மேல, கிட்டத்தட்ட ரெண்டு கார் நிரந்தரமா மாடில நிறுத்தின மாதிரி. அதோட 1,000 லிட்டர் டேங்கு வச்சா இன்னும் ஒரு டன். பலகை ஆடுதுன்னா அடியில குறுக்குக் கட்டையைப் பாருங்க, மேல கல்லைப் போடாதீங்க. எங்க பக்கத்து வீட்டுல மாடில குளியலறை கட்டினதுதான் அந்த வீட்டுக்கு முடிவா ஆச்சு.

ரிப்பேருக்கு அக்டோபர்ல இருந்து மே வரைக்கும்தான் நேரம். இங்க சுதார்னு சொல்லுவாங்க, நம்ம ஆசாரிதான், ஆனா பர்னிச்சர் பண்றவரைக் கூப்பிடாதீங்க, பழைய வீட்டு உத்தரம் மாத்தினவரா கேட்டு பிடிங்க. முதல் வேலை முட்டு கொடுக்கிறது, மேல இருக்கிற பாரத்தை ஜாக்கிலயும் முட்டுலயும் வாங்கிட்டு அப்புறம்தான் தூணைத் தொடணும். மக்கின காலை நல்ல மரம் வர்ற வரைக்கும் அறுத்து எடுத்துட்டு, பழைய தேக்குல அதே கனத்துக்கு ஒரு துண்டு, ரெண்டு முனையும் சரிவா வெட்டி ஒண்ணுமேல ஒண்ணு படியிற மாதிரி சேர்த்து போல்ட் போடணும், அடியில நேரா தரையில நிக்காம ஒரு கருங்கல் மேல நிக்கணும். எங்க தூணுக்கு மூணு நாள் ஆச்சு, இடிச்ச வீட்டுல இருந்து வந்த தேக்கு வாங்கினோம், புது மரத்தை விட அது நல்லா காய்ஞ்சு இறுகி இருக்கும். உத்தரம் முனை போயிருந்தா ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் வச்சு போல்ட் பண்ணலாம், அதுக்கு மட்டும் இஞ்சினியர் கணக்கு கண்டிப்பா வேணும். கரையானுக்கு இருக்கிற கட்டிடத்துக்கான முறை ஐஎஸ் 6313-ங்கிற இந்தியத் தர விதியோட மூணாம் பாகத்துல இருக்கு, பெஸ்ட் கண்ட்ரோல் ஆளு வந்தா அதுபடி பண்ணுவியான்னு கேளுங்க, சும்மா சுவர் ஓரமா தெளிச்சுட்டு போறதுல பிரயோஜனம் இல்ல.

வயரிங்கை மறந்துடாதீங்க. மரவீட்டுல துணி சுத்தின பழைய வயரும் மரப்பட்டி கேசிங்கும் இருந்தா மத்த எல்லா வேலைக்கும் முன்னாடி அதை மாத்துங்க, ஒவ்வொரு ரூமுக்கும் எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்), மெயின்ல எர்த் லீக்கேஜ் டிரிப் பண்ற பிரேக்கர். ஏசி மாட்டினா தனி லைன்.

இனி பேப்பர் விஷயம், மரம் போறதை விட வீடு இதுலதான் அதிகமா போகுது.

பாரம்பரியக் கட்டிடம்னா தொல்லியல் துறைதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. அது வேற. 1958 மத்தியச் சட்டம் கோட்டை, குகை மாதிரி அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு, அதைச் சுத்தி 100 மீட்டர் கட்டக்கூடாது, அதுக்கு அப்புறம் 200 மீட்டர் அனுமதி வாங்கணும். மாநிலத்துக்கு 1960-ல ஒரு சட்டம் இருக்கு. நம்ம குடியிருக்கிற வீடு வர்றது மூணாவது வழியில, நகரத் திட்டமிடல் சட்டம் மூலமா. மும்பைக்கு 1995-ல ஹெரிடேஜ் விதிகள் வந்துச்சு, இந்தியாவுல ஒரு நகரத்துக்கு இப்படி வந்தது அதுதான் முதல், இப்ப அது டிசிபிஆர் 2034-ல, அதாவது மும்பையோட கட்டிட வளர்ச்சி விதிகள்ல, 52-வது விதியா இருக்கு. லிஸ்ட்ல இருக்கிற கட்டிடத்தை மாத்தணும்னா மும்பை ஹெரிடேஜ் கன்சர்வேஷன் கமிட்டி கருத்தைக் கேட்டுத்தான் கமிஷனர் முடிவு பண்ணுவார்.

கிரேடு ஒண்ணு, ரெண்டு, மூணுனு இருக்கு. ஒண்ணுல கை வைக்கவே முடியாது, கட்டிடத்தைப் பலப்படுத்த மட்டும்தான். ரெண்டு ஏ-ல உள்ள மாத்தலாம், வெளிய தோற்றம் மாறக்கூடாது, ரெண்டு பி-ல அதே மனையில பொருத்தமா இன்னொரு கட்டிடம் சேர்க்கக்கூட அனுமதி கிடைக்கலாம். மூணு தெருவோட தோற்றத்துக்காக, உள்ளயும் வெளியயும் மாத்த இடம் இருக்கு. இது போக ஒரு தெரு, ஒரு வாடி மொத்தமா பிரிசிங்ட்னு, அதாவது பாரம்பரியப் பகுதின்னு லிஸ்ட் ஆகலாம், அப்ப உங்க வீடு தனியா பேர் இல்லாட்டியும் விதி பொருந்தும். கோட்டாச்சிவாடியை ஒரு சாயங்காலம் நடந்து பாருங்க, 18-ம் நூற்றாண்டு கடைசியில தாதோபா வாமன் கோத் மனை பிரிச்சு கொடுத்த இடம், கோத் கொடுத்த வாடிங்கிறதால அந்தப் பேர். அங்க ஒரு வீட்டை மட்டும் தனியா எடுத்துப் பாத்தா சாதாரணம், வெளி மரப்படி, வராந்தா, சந்து எல்லாம் சேர்ந்தாத்தான் அது கோட்டாச்சிவாடி. பிரிசிங்ட்னு ஏன் வச்சாங்கன்னு அங்க நின்னா புரியும்.

உங்க வீடு லிஸ்ட்ல இருக்கான்னு தெரிஞ்சுக்க மாநகராட்சில டிபி ரிமார்க்ஸ் (உங்க மனையைப் பத்தி நகர வளர்ச்சித் திட்டத்துல என்ன இருக்குன்னு சொல்ற பேப்பர்) அப்ளை பண்ணுங்க, சிஎஸ் நம்பர், அதாவது மனையோட சர்வே நம்பர் போட்டா போதும், ஹெரிடேஜா பிரிசிங்டானு அதுல வந்துடும். வாய்வார்த்தையை நம்பாதீங்க, பில்டர் ஆளும் இல்லம்பான், பக்கத்து வீட்டு அங்கிளும் ஆமாம்பார். லிஸ்ட் ஆனா வீடு அரசாங்கத்துக்குப் போயிடும்னு ஒரு பயம் இருக்கு, அது தப்பு, ஓனர் ஓனர்தான், வாடகைதாரர் வாடகைதாரர்தான். அதே மாதிரி லிஸ்ட் ஆனதும் ரிப்பேருக்குப் பணம் வரும்னும் நம்பாதீங்க, கட்ட முடியாமப் போன எஃப்எஸ்ஐக்கு (மனையில கட்ட அனுமதிச்ச பரப்பு) ஓனர் டிடிஆர் (அந்தப் பரப்பை வேற இடத்துல கட்டவோ விக்கவோ உரிமை) கேக்க வழி இருக்கு, அதுக்கு வீட்டை நல்லபடியா வச்சிருக்கணும்.

லிஸ்ட்ல இல்லாத வீடுதான் ஜாஸ்தி, அவங்களுக்கு மஹாடா, மாநில அரசோட வீட்டு வசதி வாரியம். தீவு நகரத்துல, அதாவது மும்பையோட பழைய தெற்குப் பகுதியில, 1969-ல 19,642 கட்டிடத்தை செஸ் கட்டிடம்னு (ரிப்பேருக்காக தனி வரி கட்டுற கட்டிடம்) கணக்கெடுத்தாங்க, 1940 செப்டம்பர் 1-க்கு முன்னாடி கட்டினது ஏ கேட்டகரி, நம்ம மரவீடு கிட்டத்தட்ட எல்லாமே அதுல வரும். செஸ் கட்டுறீங்கன்னா மஹாடாவோட ரிப்பேர் போர்டுகிட்ட எழுத்துல ரிப்பேர் கேளுங்க. சதுர மீட்டருக்கு இவ்வளவுதான்னு செலவு உச்சவரம்பு இருக்கு, அதைத் தாண்டினா ரிப்பேருக்கு லாயக்கில்லைனு சான்றிதழ் கொடுக்க சட்டத்துல இடம் இருக்கு, அதனால சின்னதா இருக்கும்போதே கேக்கணும், பத்து தூண் போற வரைக்கும் காத்திருந்தா இடிக்கிறவங்களுக்கு நீங்களே வாசலைத் திறந்து விட்ட மாதிரி.

ஓனருக்கும் எழுதுங்க. மகாராஷ்டிரா ரெண்ட் கண்ட்ரோல் சட்டம் 1999-ல 14-வது பிரிவுபடி வீட்டை நல்ல நிலைமையில வைக்கிறது ஓனர் கடமை. 15 நாள் நோட்டீஸ் கொடுத்தும் பண்ணலன்னா நீங்களே பண்ணி வாடகைல கழிக்கலாம், ஆனா வருஷ வாடகைல நாலுல ஒரு பங்கு வரைக்கும்தான். வாடகை மாசம் 150 ரூபான்னா வருஷத்துக்கு கழிக்க முடிஞ்சது 450 ரூபா, ஒரு ஜாக்கி வாடகைக்குக்கூட காணாது. அப்புறம் எதுக்கு நோட்டீஸ்னா, நாங்க கேட்டோம், அவங்க பண்ணல, நாங்க பண்ணினோம்னு தேதியோட ஒரு பேப்பர் இருக்கணும், அதுக்குத்தான். ஸ்பீட் போஸ்ட்ல டெலிவரி சான்றோட அனுப்புங்க, அந்தச் சான்றை பத்திரமா வைங்க.

இப்ப சி1. முப்பது வருஷம் தாண்டின கட்டிடத்துக்கு மாநகராட்சி சட்டம் 353 பி படி ஸ்ட்ரக்சுரல் ஆடிட் வேணும். ரிப்போர்ட்ல நாலு வகை வரும், சி1-னா காலி பண்ணி இடிக்கணும், சி2ஏ-னா கொஞ்சம் காலி பண்ணி ரிப்பேர், சி2பி-னா காலி பண்ணாம ரிப்பேர், சி3-னா சின்ன ரிப்பேர். எங்களுக்கு வந்த முதல் ரிப்போர்ட் சி1. அந்த இஞ்சினியர் அரைமணி நேரம்தான் இருந்தார், ஒரு தூணையும் தட்டல, ரிப்போர்ட்டைத் திறந்து பாத்தா ரீபவுண்ட் ஹாமர், கார்பனேஷன் டெஸ்ட்னு எழுதியிருக்கு, இது ரெண்டும் காங்கிரீட்டுக்கான டெஸ்ட், எங்க வீட்டுல தாங்கி நிக்கிறது மரம். அந்த ஒரு பக்கத்தை வச்சே நாங்க கேள்வி கேட்டோம். உங்களுக்கு ரிப்போர்ட் வந்தா முதல்ல அதைப் பாருங்க, எந்தத் தூண், எவ்வளவு ஆழம் போயிருக்கு, ஈரம் எத்தனை சதவீதம்னு இருக்கா, இல்ல கட்டிடம் பழசு கட்டிடம் பழசுனு மட்டும் இருக்கா.

மாநகராட்சில பதிவு பண்ணின வேற இஞ்சினியரை வாடகைதாரர்கள் சேர்ந்து வச்சுக்கலாம், மரம் தெரிஞ்சவரா பாருங்க. ரெண்டு ரிப்போர்ட்டும் முரணா இருந்தா விஷயம் டெக்னிக்கல் அட்வைசரி கமிட்டிக்குப் போகும், 2014 ஹைகோர்ட் வழிகாட்டுதலுக்கு அப்புறம் நடைமுறை அதுதான். அங்கதான் என் நோட்டு வேலை செஞ்சது, இருபத்திரண்டு தூண், நாலுல பிரச்சினை, மூணை ஏற்கனவே மாத்தியாச்சு, இதோ போட்டோ, இதோ மரம் வாங்கின பில், இதோ ஓனருக்குப் போன நோட்டீஸ். சி2பி ஆச்சு. ஒண்ணு மட்டும் நேர்மையா சொல்லணும், தூண் சாய்ஞ்சுக்கிட்டே வருது, உத்தரம் சுவரை விட்டு வெளிய வருது, புதுசா விரிசல் ஒவ்வொரு வாரமும் அகலமாகுதுன்னா வாதம் பண்ணாதீங்க, அன்னைக்கே குழந்தைங்களையும் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க, மும்பைல ஒவ்வொரு மழைக்கும் கட்டிடம் விழுது, வீட்டு மேல பாசத்துல உயிரைப் பணயம் வைக்காதீங்க. வெளிய வந்தா உரிமை போயிடாது.

ஆனா உரிமை போகாம இருக்கணும்னா ஒரு வேலை பாக்கி இருக்கு. 354 நோட்டீஸ்ல (ஆபத்தான கட்டிடத்துக்கு மாநகராட்சி சட்டம் 354-வது பிரிவுல கொடுக்கிற நோட்டீஸ்) கட்டிடம் காலி ஆகும்போது ஒவ்வொரு வாடகைதாரர் பேரும் அவங்க கார்ப்பெட் ஏரியாவும் மாநகராட்சி பதிவு பண்ணணும், அந்தப் பதிவோட காப்பி கைல இல்லாம சாவியைக் கொடுக்காதீங்க. இதுக்கு நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே டேப் வச்சு அளந்து, வராந்தா, மச்சு, மோரி எல்லாம் தனித்தனியா வரைஞ்சு, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேர் கையெழுத்து வாங்கி வைங்க. வாடகை ரசீது அப்பா பேர்ல இருக்கா உங்க பேர்ல இருக்கான்னு பாத்து, அப்பா பேர்லயே இருந்தா மாத்த ஓனருக்கு எழுதுங்க. டிசிபிஆர்ல 33(7) விதிப்படி செஸ் கட்டிடத்தை இடிச்சுப் புதுசா கட்டுற ரீடெவலப்மெண்ட்டுக்கு 51 சதவீதம் பேர் சம்மதம் போதும்கிறதால உங்க கையெழுத்து இல்லாமலே திட்டம் நகரலாம், அதனால பில்டர் கொண்டு வர்ற பேப்பர்ல வெறும் சம்மதம்னு இருக்கா, இல்ல எத்தனை சதுர அடி, எத்தனை மாசம், இடைக்கால வாடகை எவ்வளவுனு இருக்கா படிச்சுப் பாத்துட்டு, மராத்தி புரியலன்னா புரிஞ்ச ஒருத்தரை பக்கத்துல உக்கார வச்சுப் படிச்சுட்டு அப்புறம் பேசுங்க.

எல்லாத்தையும் ஒரு பெட்டியில போடாதீங்க. ரசீது, செஸ் பில், டிபி ரிமார்க்ஸ், நோட்டீஸ் டெலிவரி சான்று, தூண் போட்டோ, அளவு வரைபடம், ஒரு செட் வீட்டுல, ஒரு செட் ஊர்ல அக்கா வீட்டுல இருக்கு எங்களுக்கு. ஜூன் பத்து பதினொண்ணு வாக்குல மழை இறங்கிடும், அதுக்குள்ள மேல ஏறி சரிஞ்ச ஓட்டை நேராக்கி, கூரைப் பள்ளத்துல அடைஞ்சிருக்கிற அரசிலையை வாரிப் போட்டுடுங்க, சுவர்ல சின்னதா அரசங்கன்னு முளைச்சிருந்தா வேரோட இப்பவே பிடுங்குங்க.